காரின் முன்கண்ணாடி

கண்ணாடி என்னும் ஒரே சொல்லைத் தமிழில் மூன்று பொருள்களுக்கு வழங்குகிறோம். முகம் பார்ப்பதும் கண்ணாடி. மூக்கின்மேல் அணிவதும் கண்ணாடி. சன்னலில் பதிப்பதும் கண்ணாடி. வடநாட்டில் குடியேறிய நம்மவர்க்கு இது புதுமையன்று. இங்கே வழங்கும் 'ஷீஷா' என்னும் சொல்லும் முகம் பார்ப்பதையும் சன்னலில் பதிப்பதையும் வேறுபாடின்றிக் குறிக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம்போன்றோர்க்கு இத்தகைய சொற்களால் அவ்வப்போது இடர் நேர்வதுண்டு. அகராதியைப் புரட்டினால் அந்த இடர் தீர்ந்துவிடும். ஆனால் உடைந்துபோன முன்கண்ணாடிக்கு மாற்று வாங்குவதற்காகக் கடைவீதிக்குச் சென்ற அன்றுதான், ஒரே பெயரைத் தாங்கிய இரு பொருள்களுக்கிடையே உள்ள வேறுபாடு உயிரையும் பணத்தையும் பற்றியதாக இருக்கக்கூடும் என்பது எங்களுக்கு விளங்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில் குடும்பத்துடன் தில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்குச் சென்றுகொண்டிருந்தோம். கோட்புத்லியைத் தாண்டியதும் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் சிறிது தொலைவு செல்ல நேர்ந்தது. 'டக்' என்று ஓர் ஓசை. முன்கண்ணாடியின் இடப்பக்கத்தில் எட்டணாக் காசளவு ஒரு நட்சத்திரம் தோன்றியிருந்தது. தோன்றியது அவ்வளவுதானே என்று நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்று வாரம் கழித்து, பனி உறைந்த ஒரு ஜனவரிக் காலையில், அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதே என்னும் அவசரத்தில், கண்ணாடியில் படிந்த பனியைப் போக்க ஒரு செம்பு வெந்நீரை ஊற்றினோம். அந்த நட்சத்திரத்திலிருந்து புறப்பட்ட கீறல் ஒரு மூச்சு விடும் நேரத்தில் மறுமுனை வரை ஓடி நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுவோம். அந்த நட்சத்திரத்தை மறுநாளே கவனித்திருந்தால் கண்ணாடியை மாற்ற வேண்டியதே இல்லை. அடிபட்ட சிறு குழியிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, அதில் ஒருவகைப் பிசினைச் செலுத்தி, புறஊதா ஒளியால் இறுகச் செய்யும் முறை இன்று எல்லாப் பெருநகரங்களிலும் உண்டு. அரை மணி வேலை, செலவும் சொற்பம். காயம் ஒரு நாணய அளவுக்குள் இருக்கவேண்டும். ஓட்டுநரின் கண்ணுக்கு நேர் எதிரே இருத்தலாகாது. கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டிருக்கலாகாது. குழிக்குள் அழுக்கும் நீரும் புகுந்திருக்கலாகாது. ஆதலின், கல் பட்டதும் அவ்விடத்தில் ஒளிபுகும் ஒட்டுநாடாத் துண்டொன்றை ஒட்டிவைப்பது நலம். அடிபட்ட கண்ணாடிக்கு வெந்நீரும் ஆகாது; கோடையில் வெயிலில் கிடந்த வண்டிக்குள் ஏறியதும் குளிர்காற்றை முழு வேகத்தில் கண்ணாடியின்மேல் திருப்புவதும் ஆகாது. எதிர்பாராத சூடு, எதிர்பாராத குளிர் இரண்டுமே கீறலை நீளச் செய்வன.

எங்கள் கதைக்கு மீள்வோம். நகரத்தில் ஒரு கடைக்குச் சென்றோம். ஒரு கண்ணாடி இன்ன விலை என்றும், மற்றொன்று அதில் பாதி விலை என்றும் கடைக்காரர் சொன்னார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று வினவினோம். 'சாப், சப் ஏக் ஹீ ஹை' என்றார். எல்லாம் ஒன்றுதான் என்பது பொருள். எல்லாம் ஒன்றாயின் ஒன்றுக்கு ஏன் இரட்டிப்பு விலை என்று கேட்கும் அறிவு அப்போது எங்களுக்கு இல்லை. பாதி விலைக் கண்ணாடியை வாங்கினோம். நாற்பது நிமிடத்தில் பொருத்தி, உடனே ஓட்டிச் செல்லலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு, பின்னிருக்கையிலிருந்து எங்கள் மகள், "அப்பா, அந்த விளக்குக் கம்பம் ஏன் பாம்பு மாதிரி நெளியுது?" என்று கேட்டாள். உற்றுப் பார்த்தோம், கம்பம் மெய்யாகவே நெளிந்தது. ஜூலை மாதத்து முதல் மழையில் இடக்காலருகே விரிப்பு நனைந்தது. செப்டம்பரில் வண்டிக்குள் பூஞ்சண வாடை. வேறொரு பணிமனையில் அக்கண்ணாடியைக் கழற்றியபோது, சன்னல் இடுக்குகளை அடைக்கும் சாதாரண சிலிக்கோன் பசையால் அது ஒட்டப்பட்டிருந்ததையும், அதன் கீழ்ச் சட்டம் துருப்பிடித்துக் கிடந்ததையும் கண்டோம். அங்கிருந்த முதிய தொழிலாளி கண்ணாடியை இரு கைகளால் சற்றே உந்தினார். கத்தி எதுவும் வைக்காமலே ஒரு மூலை பெயர்ந்து வந்துவிட்டது. 'விபத்து ஒன்று நேர்ந்திருந்தால் இது உங்களுக்கு முன்னால் சாலைக்குப் போயிருக்கும்' என்றார் அவர்.

அவர் சொன்னதன் பொருளை அறிய, முன்கண்ணாடி எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைச் சிறிது பார்க்கவேண்டும்.

காரில் இருவகைக் கண்ணாடி உண்டு. பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் பெரும்பாலும் 'டஃபண்டு' எனப்படும் வன்மையூட்டிய கண்ணாடி. 600 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சி, சட்டென்று காற்றைப் பாய்ச்சிக் குளிர்விப்பதால் அதன் மேற்பரப்பு இறுகி வலுப்பெறுகிறது. அது உடைந்தால் ஒரே நொடியில் கற்கண்டுத் துண்டுகளைப் போல் உதிரும். முன்கண்ணாடியோ 'லேமினேட்டட்' எனப்படும் அடுக்குக் கண்ணாடி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் பருமனுள்ள இரு கண்ணாடித் தகடுகள். அவற்றின் நடுவே 0.76 மில்லிமீட்டர் பருமனில் பாலிவினைல் ப்யூட்டிரால் என்னும் பிசுபிசுப்பான பிளாஸ்டிக் படலம். வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மூன்றும் ஒன்றாகின்றன. உடைந்தாலும் சில்லுகள் அப்படலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும், முகத்தில் தெறிக்கமாட்டா.

இந்த எண்ணம் பிறந்த விதம் சுவையானது. எடுவார் பெனடிக்டஸ் என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1903ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவையைத் தவறவிட்டார் என்றும், அது நொறுங்கியும் உருக்குலையாமல் கிடந்தது என்றும் சொல்வார்கள். குடுவையில் முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் உலர்ந்து உட்புறத்தில் ஒரு தோலைப் போல் படிந்திருந்ததே காரணம். 1909இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் இதனைப் பெரிதும் வரவேற்றவர்கள் கார் செய்தவர்களல்லர். முதல் உலகப் போரில் நச்சுப்புகை முகமூடிகளின் கண்வில்லைகளுக்கே இது பயன்பட்டது. தொடக்கத்தில் வந்த படலங்கள் வெயில்பட்டு மஞ்சளாயின. 1930களின் பிற்பகுதியில் பாலிவினைல் ப்யூட்டிரால் வந்தபின்னரே அக்குறை தீர்ந்தது.

நம் நாட்டில் ஒரு காலத்தில் முன்கண்ணாடியும் வன்மையூட்டியதாகவே இருந்த வண்டிகள் பல. நெடுஞ்சாலையில் கல் பட்டதும் கண்ணாடி முழுவதும் பால்போல் வெளுத்து, எதிரே ஒன்றும் தெரியாமல் தடுமாறியதை மூத்த அன்பர்கள் நினைவுகூர்வார்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி இதனை மாற்றிற்று. அதற்கு 1993இல் செய்த திருத்தம், மூன்றாண்டு அவகாசத்துக்குப்பின் செய்யப்படும் வண்டிகளின் முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாகவே இருத்தல் வேண்டும் என்றது. ஆகவே, மாற்றுக் கண்ணாடி வாங்குவோர் முதலில் தெளிந்துகொள்ள வேண்டுவது அது அடுக்குக் கண்ணாடிதானா என்பதே. ஓரத்தை விரல் நகத்தால் வருடிப் பார்த்தால் இரு தகடுகளுக்கும் இடையே ஒரு மெல்லிய கோடு தட்டுப்படும்.

முன்கண்ணாடி காற்றையும் மழையையும் தடுப்பதற்கு மட்டுமே உள்ளதென்று நாம் எண்ணியிருக்கிறோம். பழைய அம்பாசிடர் வண்டியில் அது ரப்பர் வளையத்துக்குள் செருகப்பட்டிருந்த காலத்தில் அவ்வெண்ணத்தில் பெரும்பிழை இல்லை. இன்றைய கார்களில் அது பாலியூரித்தேன் பசையால் உடற்கூட்டோடு ஒட்டப்பட்டு, கூட்டின் ஓர் உறுப்பாகவே நிற்கிறது. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்குண்டு. அன்றியும், இப்போது முன்னிருக்கை இருவருக்கும் காற்றுப்பை அமைகிறது. பக்கத்தில் அமர்ந்தவருக்குரிய பை பல வண்டிகளில் மேல்நோக்கி விரிந்து, முன்கண்ணாடியில் மோதி, அதை முதுகாகக் கொண்டே அவர் பக்கம் திரும்புகிறது. கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த பொழுதில் இது நிகழ்கிறது. அவ்வேளையில் கண்ணாடி பெயர்ந்துபோனால் பையும் அதனுடன் வெளியே போகும். அங்கே அமர்ந்திருப்பவரைத் தாங்க எதுவும் இராது. அந்த முதிய தொழிலாளி சொன்னது இதைத்தான். ஜெய்ப்பூர்ப் பயணங்களில் அந்த இருக்கையில் யார் அமர்ந்து வருகிறார் என்று எண்ணிப் பார்த்தபோது எங்களுக்கு அன்று உணவு செல்லவில்லை.

இனி, கடையில் நிற்கும்போது எதைப் பார்ப்பது? கண்ணாடியின் கீழ்மூலையில் பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். எழுத்துகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நாங்களே பத்தாண்டுகளாக அதை ஒருமுறையும் படித்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளவேண்டும். செய்தவரின் பெயர், அடுக்குக் கண்ணாடி என்பதைக் காட்டும் சொல், ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதனோடு ஐஎஸ் 2553 என்னும் எண் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். ஐஎஸ் 2553 என்பது பாதுகாப்புக் கண்ணாடிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த தரம். அதன் இரண்டாம் பகுதி சாலை வண்டிகளுக்குரியது. சிஎம்/எல் என்று தொடங்கும் உரிமஎண் ஒன்றும் உடன் இருக்கும். அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் இந்த எண்ணை இட்டால், அது யாருக்கு, எப்பொருளுக்கு வழங்கப்பட்ட உரிமம் என்பது தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடிய இச்சோதனையை விடச் சிறந்தது வேறில்லை என்பது எங்கள் கருத்து. விற்பவர் முகம் சுளித்தாலும் தயங்கவேண்டா.

வெளிநாட்டுச் சந்தைக்கும் செல்லும் கண்ணாடியானால் வேறு சில குறிகளும் காணப்படும். வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஓர் எண்ணும், அருகே '43 ஆர்' என்பதும் இருந்தால், அது ஐக்கிய நாடுகள் சபையின் 43ஆம் ஒழுங்குமுறைப்படி ஒப்புதல் பெற்றது. அங்கே ரோமானிய எண் இரண்டு இருந்தால் அது வழக்கமான அடுக்கு முன்கண்ணாடி. 'ஏஎஸ் 1' என்பது அமெரிக்க முறையில் முன்கண்ணாடிக்குரிய குறி. அந்த ஐ.நா. ஒழுங்குமுறையின் சோதனைகளுள் ஒன்றைக் கேட்டால் வியப்பாக இருக்கும்: 2,260 கிராம் எடையுள்ள எஃகு உருண்டையை 4 மீட்டர் உயரத்திலிருந்து கண்ணாடித் துண்டின்மேல் விடுகிறார்கள். கண்ணாடி விரிசல் காணலாம். ஆனால் உருண்டை அதைத் துளைத்துக்கொண்டு ஐந்து நொடிக்குள் மறுபக்கம் போய்விடலாகாது. பெயரற்ற பாதி விலைக் கண்ணாடி இந்தச் சோதனையைக் கண்டதா என்பதைச் சொல்வார் எவருமில்லை.

முத்திரை கண்ணாடியிலேயே சுட்டோ அரித்தோ பதிந்திருக்கவேண்டும். நகத்தால் சுரண்டினால் வரும் ஒட்டுச்சீட்டு முத்திரையாகாது. பல ஆலைகள் செய்த ஆண்டின் கடைசி இலக்கத்தையும் அங்கே குறிக்கின்றன. இதில் வேறோர் ஆதாயமும் உண்டு. மாற்றலாகி வேற்றூர் செல்லும் நம்மவர் பலர் பழைய கார் வாங்குவது வழக்கம். மற்றக் கண்ணாடிகள் எல்லாம் ஓராண்டையும் முன்கண்ணாடி மட்டும் வேறோராண்டையும் காட்டினால், அது இடையில் மாற்றப்பட்டது என்று பொருள். ஏன் மாற்றப்பட்டது என்று விற்பவரைக் கேட்டுவிட்டு மேலே பேசுவது நல்லது.

'கம்பெனி கா மால்' என்று கடைவீதியில் சொல்வதற்கும் இரு பொருள் உண்டு. கார் நிறுவனத்தின் சின்னம் பொறித்து, அதன் விற்பனை நிலையங்கள் வழியே வருவது ஒன்று. கண்ணாடி ஆலையே தன் பெயரில் சந்தைக்கு அனுப்புவது மற்றொன்று. கார் நிறுவனங்கள் கண்ணாடி செய்வதில்லை. ஆலைகளிடம் வாங்கியே பொருத்துகின்றன. ஆதலின் நற்பெயருள்ள ஆலையின் இரண்டாம் வகைக் கண்ணாடியை வாங்குவதில் குற்றமில்லை, விலையும் குறையும். ஹரியானாவில் பாவல் என்னும் ஊரில் அசாஹி இந்தியா நிறுவனத்தின் கார்க் கண்ணாடி ஆலை உள்ளது. எங்கள் கண்ணாடி அடிபட்டது அவ்வூர் வழியே செல்லும் அதே சாலையில் என்பது பின்னர்த்தான் தெரிந்தது. தமிழகத்தை விட்டு வந்த நமக்கு இதில் ஒரு சிறு பெருமிதமும் உண்டு. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டு, கண்ணுக்கு அலை தெரியாத தட்டையான தகடாக்கும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் உலகுக்கு அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூரிலுள்ள செயின்ட் கோபேன் ஆலை 2000ஆம் ஆண்டு முதல் இம்முறையிலேயே கண்ணாடி வார்த்துவருகிறது.

தில்லியில் காஷ்மீரி கேட், கொல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே.சி. ரோடு என ஒவ்வொரு பெருநகரிலும் உதிரிப்பொருள்களுக்கென்றே ஒரு கடைவீதி உண்டு. அங்கே நல்ல கண்ணாடியும் கிடைக்கும், அல்லாததும் கிடைக்கும். பழைய வண்டிகளைப் பிரிக்கும் இடங்களில், அறுத்தெடுத்த பழங்கண்ணாடியை அடிமாட்டு விலைக்குத் தருவார்கள். அறுக்கும்போது ஓரத்தில் விழுந்த கண்ணுக்குத் தெரியாத வெட்டு ஒரு கோடை வெயிலில் கீறலாகும். அதை வாங்கவேண்டா என்பதே எங்கள் துணிபு. உற்பத்தி நின்றுபோன வண்டியை வைத்திருப்பவர்க்கு வேறு வழியில்லாமற் போகலாம். அவர்கள் ஓரங்களை நல்ல வெளிச்சத்தில் நான்கு புறமும் பார்த்துவிட்டு எடுப்பார்களாக.

முத்திரை சரியாக இருந்தாலும் கண்ணால் ஒருமுறை பார்த்தல் இன்றியமையாதது. கண்ணாடியைப் பொருத்தும் சாய்விலேயே நிறுத்தி, அதனூடே கட்டடத்தின் விளிம்பையோ குழல்விளக்கையோ பாருங்கள். தலையை மெல்ல இடமும் வலமும் அசையுங்கள். நேர்க்கோடு நெளிந்தால் அக்கண்ணாடி வேண்டா. வளைவு மிகுந்த மூலைகளில் சிறிது நெளிவு இருப்பது இயல்பு. ஓட்டுநரின் கண்ணெதிரே அது கூடாது. இரு தகடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக அமையாவிட்டால், இரவில் எதிரே வரும் ஒரு விளக்கு இரண்டாகத் தெரியும். நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் விளக்கைத் தாழ்த்துவோர் எத்தனை பேர் என்பதை அன்பர்கள் அறிவார்கள். அந்நிலையில் ஒன்றை இரண்டாகக் காட்டும் கண்ணாடியும் சேர்ந்தால் ஓட்டுநர் என்ன செய்வார்? ஓரத்தில் பால்நிறமோ குமிழ்களோ தெரிந்தால் நடுப்படலம் சரியாக ஒட்டவில்லை என்று கொள்க. சுற்றிலும் உள்ள கறுப்புப் பட்டையையும் பாருங்கள். அது அழகுக்கன்று, அடியில் உள்ள பசை வெயிலில் கெடாமல் காப்பது அதுவே. பட்டை வெளிறியோ திட்டுத்திட்டாகவோ இருத்தலாகாது.

நிறமூட்டிய கண்ணாடியை விரும்புவோர்க்கு ஒரு சொல். முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் 70 விழுக்காட்டுக்குக் குறையாமலும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காட்டுக்குக் குறையாமலும் ஒளியை உட்செலுத்தவேண்டும் என்பது மேற்சொன்ன 100ஆம் விதி. கண்ணாடியின்மேல் ஒட்டும் கறுப்புப் படலங்களைப் பற்றி உச்சநீதிமன்றம் 2012ஆம் ஆண்டில் கண்டிப்பான தீர்ப்பு அளித்ததும் இதன்பேரிலேயே.

ஒரே பெயருள்ள காரிலேயே இன்று பலவகை முன்கண்ணாடி அமைகிறது. சிலவற்றில் மழைத்துளியை உணர்ந்து வைப்பரை இயக்கும் கருவி உண்டு. சிலவற்றில் ஓசையைத் தணிக்கும் சிறப்புப் படலம் உண்டு. சில புதிய வண்டிகளில் நடுக்கண்ணாடியின் பின்னால் சாலையைக் கவனிக்கும் கேமரா உண்டு. ஆதலின் வண்டியின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்தே கண்ணாடியைக் கேட்கவேண்டும். கேமரா உள்ள வண்டியில் கண்ணாடி மாற்றியபின் கேமராவை மீண்டும் அளவொத்து அமைத்தாகவேண்டும். தடத்தைக் காட்டுவதும் தடையை அறிந்து தானே நிறுத்துவதும் அக்கேமராவை நம்பியே நடக்கின்றன. அது இம்மி பிசகினால், தொலைவில் உள்ள வண்டியைப் பற்றிய கணக்கில் அது பெரும் பிழையாகிவிடும். இந்த வேலையைச் செய்யும் கருவி தம்மிடம் உண்டா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

நல்ல கண்ணாடி வாங்குவது பாதி வேலையே. மறுபாதி பொருத்துவதில் இருக்கிறது. எங்கள் வண்டியில் பெரிதும் கெட்டது அந்த மறுபாதிதான். பழைய கண்ணாடியை எடுத்தபின் சட்டத்தில் எஞ்சிய பசையை ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் மட்டும் நிற்குமாறு சீராகச் சீவவேண்டும். புதுப்பசை அந்தப் பழம்பசையின்மேல் நன்றாகப் பிடிக்கும். சீவும்போது வண்ணம் கீறப்பட்டு இரும்பு வெளித்தெரிந்தால், அவ்விடத்தில் ப்ரைமர் பூசாமல் மேலே செல்லலாகாது. துரு அங்கேதான் தொடங்கும்; துருவின்மேல் ஒட்டிய பசை, சுண்ணாம்பு உதிரும் சுவரில் ஒட்டிய காகிதத்துக்கு ஒப்பானது. கண்ணாடியின் ஓரத்தைத் துடைத்து, அதற்குரிய ப்ரைமரைப் பூசி, பசையை ஓரிடத்திலும் அறாமல் ஒரே வரியாக இடவேண்டும். அவ்வரியில் ஓரிடம் அறுந்தாலும் அதுவே மழைநீர்க்கு வழி. கண்ணாடியைத் தன் எடையாலும் சிறு அழுத்தத்தாலும் உட்காரச் செய்யவேண்டும். ஒரு மூலை உட்காரவில்லையென்று ஓங்கி அழுத்தினால், வளைவு ஒவ்வாத கண்ணாடி என்பது தெளிவு. அவ்வாறு அழுத்தப்பட்ட கண்ணாடி அடுத்த மே மாதத்தில் தானே கீறும்.

பசை பாலியூரித்தேன்தானா என்று குழாயை வாங்கிப் பாருங்கள். காலாவதி நாளும் அதில் அச்சிட்டிருக்கும். எவ்வளவு நேரங்கழித்து வண்டியை ஓட்டலாம் என்பதையும் அப்பசையைச் செய்தவர்கள் குறித்திருப்பார்கள்; அது சிலவற்றில் ஒரு மணி, சிலவற்றில் பல மணி. இங்கே நம் நாட்டின் தட்பவெப்பம் குறுக்கிடுகிறது. இப்பசை உலர்வதால் இறுகுவதன்று. காற்றிலுள்ள ஈரத்தை உண்டு இறுகுவது. சென்னையிலும் மும்பையிலும் அதற்கு வேண்டிய ஈரம் நிறைய உண்டு. தில்லியின் ஜனவரிக் குளிரிலும், நாகபுரியின் மே மாத வறண்ட காற்றிலும் அது மெல்லவே இறுகும். ஆதலின் ஊரில் உள்ள தம்பி 'எங்களுக்கு ஒரு மணியில் கொடுத்துவிட்டார்களே' என்று தொலைபேசியில் சொன்னால், அதைக் கேட்டு இங்கே அவசரப்படவேண்டா. குளிர்காலமாயின் வண்டியை அன்று இரவு பணிமனையிலேயே விட்டுவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. முதல் நாளில் எல்லாச் சன்னலையும் மூடிக்கொண்டு கதவை ஓங்கிச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று புதுக்கண்ணாடியை வெளியே தள்ளும். ஒரு சன்னலைச் சிறிது திறந்து வையுங்கள்.

செலவைப் பற்றிப் பேசாமலிருக்க முடியாது. மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்க்குக் கண்ணாடிக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு உள்ளவர்க்குக் கண்ணாடியின் விலையில் தேய்மானம் கழிப்பதில்லை. சுற்றிலும் உள்ள ரப்பர், பிளாஸ்டிக் பொருள்களில் பாதி கழியும். 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் கட்டாயக் கழிவு. ஆனால் உரிமை கோரினால், பல ஆண்டுகளாகச் சேர்ந்த 'நோ கிளெய்ம் போனஸ்' என்னும் சலுகை, அதற்கென்று தனிப்பாதுகாப்பு எடுத்திராவிட்டால், அற்றுப்போகும். அது முதலாண்டில் 20 விழுக்காடு. ஐந்தாண்டு கோரிக்கையின்றிக் கழிந்தால் 50 விழுக்காடு. சிறிய காரின் கண்ணாடிக்காகப் பெருஞ்சலுகையை இழப்பது இலாபமா என்று கணக்கிட்டுப் பார்த்தபின் கையெழுத்திடுக. எங்கள் இரண்டாம் முறைக் கணக்கில், கைப்பணத்தைக் கொடுப்பதே மேலெனத் தெரிந்தது. பாதி விலைக் கண்ணாடி, அதைப் பொருத்திய கூலி, துருவை நீக்கிய செலவு, நனைந்த விரிப்பு, பிறகு நல்ல கண்ணாடி எனக் கூட்டியபோது, முதலிலேயே கேட்ட முழு விலையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆயிற்று.

பழைய கண்ணாடி போகும்போது அதன்மேல் ஒட்டியவையும் போகும். சுங்கச் சாவடிக்குரிய ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரி முதல் எல்லா நான்கு சக்கர வண்டிகளுக்கும் கட்டாயம். அதைப் பிரித்தெடுத்தால் பயன்படாது. வழங்கிய வங்கியிடம் மாற்று வாங்கி ஒட்டும்வரை நெடுஞ்சாலைப் பயணத்தை ஒத்திவைப்பது நலம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மூன்றாம் பதிவெண் சீட்டும் அவ்வாறே கிழிந்துபோகும். பெட்ரோல் வண்டிக்கு வெளிர்நீலமும் டீசல் வண்டிக்குச் செம்மஞ்சளுமாக உள்ள அச்சீட்டைத் தில்லியில் காவலர் கேட்பதுண்டு; புதியதற்கு உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.

பொருத்தி இரண்டு நாள் சென்றபின், மழை வரும்வரை காத்திராமல், வீட்டுக் குழாயின் நீரைக் கண்ணாடியின் மேல்விளிம்பில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். உள்ளே ஒருவர் அமர்ந்து, மேல்மூலைகளையும் இரு பக்கத் தூண்களையும் கைக்குட்டையால் ஒற்றிப் பார்க்கட்டும். கால்விரிப்பைத் தூக்கி அடியிலும் தொட்டுப் பார்க்கட்டும். ஈரம் தெரிந்தால், ரசீதை எடுத்துக்கொண்டு அன்றே பணிமனைக்குச் சென்றுவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் முறை உள்ளே அமர்ந்து பார்த்தவள் மகள்தான். பத்து நிமிடமும் பொறுமையாகக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்துவிட்டு, எதிர்வீட்டு விளக்குக் கம்பத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்த்த பிறகே இறங்கினாள்.